புயல் மூடிய பாதை



சேலம், நாமக்கல் வட்டாரங்களில் வாழும் நமக்குக் கடல் என்பது நாள்தோறும் கண்டு பழகிய பொருளன்று. வடக்கே சேர்வராயன் மலை, கிழக்கே கல்வராயன் மலை, தென்கிழக்கே கொல்லிமலை, மேற்கிலும் தெற்கிலும் காவிரி. இவற்றிற்கு இடையே விரிந்து கிடக்கும் சமவெளி நம்முடையது. இங்கிருந்து வங்கக் கடற்கரையை அடையச் சாலை வழியே ஏறத்தாழ 200 கிலோமீட்டர் செல்ல வேண்டும். ஆதலின், புயல் என்னும் சொல்லைக் கேட்டவுடன் நாகப்பட்டினத்தாரும் கடலூராரும் அஞ்சுவது போல நம்மவர் அஞ்சுவதில்லை. மழை கிடைக்குமே என்று மகிழ்வோரும் உண்டு. ஏரி நிரம்பும், கிணறு ஊறும், மரவள்ளியும் மஞ்சளும் தழைக்கும். அந்த மகிழ்ச்சியைக் குறை கூற நான் வரவில்லை. வானம் பார்த்த பூமியில், கடலோரத்தாரை வாட்டிவிட்டு வரும் புயலின் எஞ்சிய மழையே சில ஆண்டுகளில் நமக்கு உயிர்மழையாக அமைகின்றது.

ஆயினும், கடலிலே பிறந்த புயல் நம் வீட்டு வாயிலுக்கு வந்து பாதையை அடைத்த நாளும் உண்டு. 2024ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 30ஆம் நாள் இரவு, ஃபெஞ்சல் என்னும் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. கரையைக் கடந்த புயல் விரைந்து உள்நாட்டிற்குள் நகர்ந்து வலுவிழந்து போவதே பெரும்பாலும் நாம் காண்பது. இதுவோ, களைத்த யாத்திரிகன் சத்திரத்தில் தங்குவது போலப் புதுச்சேரிப் பகுதியிலேயே பல மணி நேரம் நகராமல் நின்றது. பின்னர் மெல்ல மேற்கு நோக்கி நடந்தது. காற்றின் வேகம் தணிந்துவிட்டது. ஆனால் கடலிலிருந்து அள்ளிக்கொண்டு வந்த நீர் தணியவில்லை. டிசம்பர் 2ஆம் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில், ஊத்தங்கரையில் மட்டும் 50 சென்டிமீட்டர் மழை பெய்தது.

50 சென்டிமீட்டர் என்றால் எவ்வளவு என்பதை எண்ணிப் பார்ப்போம். ஓர் ஏக்கர் நிலத்தின்மேல் 50 சென்டிமீட்டர் மழை விழுந்தால், அந்நீர் ஏறத்தாழ 20 லட்சம் லிட்டர். நம் ஊர்த் தெருக்களில் கோடைக்காலத்தில் வருகின்ற 12,000 லிட்டர்த் தண்ணீர் லாரிகளை மனத்திற் கொள்ளுங்கள். அத்தகைய லாரிகள் 160க்கு மேல் வந்து ஒரே ஏக்கரில், ஒரே நாளில், நீரைக் கொட்டினால் எப்படியோ அப்படி. ஊத்தங்கரையில் ஏரி நிரம்பி வழிந்து, பேருந்து நிலையத்தை அடுத்த சாலையில் நிறுத்தியிருந்த வண்டிகளை உருட்டிக்கொண்டு சென்ற காட்சியை உங்களுட் பலர் படமாகக் கண்டிருப்பீர்கள். அவ்வூர் இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆனால் 1965ஆம் ஆண்டில் தருமபுரி தனி மாவட்டமாகப் பிரியும் வரையில், ஊத்தங்கரையும் ஓசூரும் நாமக்கல்லும் எல்லாம் சேலம் மாவட்டமாகவே இருந்தன. ஆகவே அதனை அயலூர் என்று நாம் தள்ளிவிடுவதற்கில்லை.

அதே மழைதான் ஏற்காட்டு மலைப்பாதையையும் அடைத்தது. சேலத்திலிருந்து ஏற்காட்டிற்கு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஒவ்வொரு வளைவிலும் சமவெளி ஒரு படி கீழே இறங்கி, ஊர்கள் பொம்மை வீடுகளாகச் சிறுத்து, நம் கண்ணுக்கு விருந்தாகும் பாதை அது. அப்பாதையிலே மண் சரிந்து, கற்கள் உருண்டு, போக்குவரத்து நிறுத்தப்பட்டது. பின்னர்ச் சீர்செய்யப்பட்டு வண்டிகள் மீண்டும் சென்றன.

மலை ஏன் சரிகின்றது? சேர்வராயன் மலையின் உடல் மிகவும் உறுதியான பாறை. சார்னோகைட் என்று அதற்குப் பெயர். கல்கத்தாவில் அடக்கம் செய்யப்பட்ட சார்னோக் என்னும் ஆங்கிலேய வணிகரின் கல்லறைக்கல்லை ஆராய்ந்த நிலவியலார், அவர் பெயரையே அப்பாறை வகைக்கு இட்டுவிட்டனர். வாழ்நாளில் வணிகம் செய்தவர் பாறையாக நிலைபெற்றது ஒரு வேடிக்கையே. நிற்க. பாறை உறுதியாயினும், அதன் மேல்தோல் உறுதியன்று. வெயிலும் மழையும் பல்லாயிரம் ஆண்டுகளாக அதனைச் சிதைத்துச் செம்மண்ணாக்கி வைத்துள்ளன. பெருமழை அந்த மண்ணிற்குள் இறங்கும்போது, கீழே பாறையைத் தொட்டவுடன் மேற்கொண்டு இறங்க வழியின்றி அங்கேயே தேங்குகின்றது. மண்ணுக்கும் பாறைக்கும் இடையே இருந்த பிடிப்பு தளர்கின்றது. நீரால் மண்ணின் எடையோ பெருகுகின்றது. பிடிப்புக் குறைந்து எடை கூடினால் விளைவு யாதாகும் என்பதற்குப் பௌதிகப் பாடம் வேண்டியதில்லை. இதனோடு, பாதைக்காக மலையின் அடிச்சரிவை நாம் வெட்டிவிட்டிருப்பதும் சேர்கின்றது. கால் வெட்டுண்ட சரிவு எதன்மேல் சாய்ந்து நிற்கும்? மேலும், பாதைக்கு அடியில் நீர் செல்ல விட்ட சிறுபாலங்கள் இலையாலும் நெகிழித்தாளாலும் அடைபட்டுக் கிடப்பின், ஓட வேண்டிய நீர் பாதையின் மேலேறி அதன் விளிம்பை அரித்துவிடும். மலைப்பாதையைக் காப்பதில் பாதி வேலை, மழைக்காலத்திற்கு முன்பே அந்தச் சிறுபாலங்களைத் தூர்வாரி வைப்பதுதான். அது யார் கண்ணிலும் படாத வேலை. ஆதலால் எளிதில் மறக்கப்படும் வேலையும் ஆகும்.

ஏற்காட்டுப் பாதை மூடப்பட்டது என்றவுடன், விடுமுறைக்குச் செல்ல இருந்தோர் ஏமாந்தனர் என்பதே பலருக்கும் முதலில் தோன்றும். உண்மையில், மலைமேல் வாழும் மக்களுக்கு அப்பாதை காட்சிப் பொருளன்று. காப்பியும் மிளகும் கீழே இறங்குவதும், அரிசியும் மருந்தும் மேலே ஏறுவதும் அதன் வழியேதான். பிரசவ வேதனையுற்ற பெண்ணொருத்தி சேலத்து அரசு மருத்துவமனையை அடைய வேண்டுமானால், அந்த வளைவுகளைக் கடந்தே ஆக வேண்டும். குப்பனூர் வழியாக மற்றொரு பாதை இருப்பது அவர்களுடைய நற்பேறு. இரண்டாவது பாதையின் அருமை, முதற்பாதை மூடப்பட்ட நாளிலேதான் விளங்கும்.

சமவெளியிலும் பாதைகள் அறுபட்டன. சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1,68,000 கன அடி வரையில் நீர் திறந்துவிடப்பட்டது, தென்பெண்ணை பெருகிற்று. விழுப்புரத்திற்குத் தெற்கே அரசூருக்கு அருகில், சென்னை திருச்சி தேசிய நெடுஞ்சாலையின்மேல் வெள்ளம் புரண்டோடியது. விக்கிரவாண்டிக்கு அருகே பாலத்தை வெள்ளம் தொட்டமையால், இரயில் வண்டிகள் நிறுத்தப்பட்டும் வேறு வழியில் திருப்பப்பட்டும் போயின. நாமக்கல்லிலிருந்து சென்னைக்கு முட்டை ஏற்றிச் செல்லும் லாரி எவ்வழியே செல்கின்றது என்று ஓட்டுநர் எவரையேனும் கேட்டுப் பாருங்கள். சேலம், ஆத்தூர், உளுந்தூர்ப்பேட்டை என்று சொல்லிவிட்டு, அதற்கடுத்து அந்த அரசூரைத்தான் சொல்லுவார். நம் வீட்டு முற்றத்தில் ஒரு துளி மழை இல்லாத நாளிலும், எங்கோ ஓர் ஆற்றங்கரையில் நம் பாதை அறுபடக்கூடும்.

இவையெல்லாம் சில மணி நேரமோ சில நாட்களோ மூடப்பட்ட பாதைகள். ஒரே இரவில் புயலால் மூடப்பட்டு, 53 ஆண்டுகள் திறக்கப்படாமலே கிடந்த பாதையொன்று நம் தமிழ்நாட்டில் உண்டு. அது தனுஷ்கோடிப் பாதை.

இராமேசுவரம் தீவின் தென்கிழக்கு முனை, சுட்டுவிரலை நீட்டியது போலக் கடலுக்குள் நீண்டு செல்கின்றது. அந்த விரலின் இருபுறமும் கடல். தெற்கே மன்னார் வளைகுடா; வடக்கே பாக்கு நீரிணையைச் சார்ந்த கடல். தெற்கே உள்ளதை ஆண்கடல் என்றும், வடக்கே உள்ளதைப் பெண்கடல் என்றும் அங்குள்ள மீனவர் அழைப்பர். தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது ஆண்கடல் கொந்தளிக்கும், பெண்கடல் அமைதியாயிருக்கும். வடகிழக்குப் பருவக்காற்றில் இந்நிலை தலைகீழாகும். ஒரு கடல் சீறும்போது மறு கடலிற் சென்று மீன் பிடிப்பர். நூலறிவு சிறிதும் இன்றியே பருவக்காற்றின் இயல்பை இரண்டு பெயர்களுள் அடக்கிய அவர்களது அறிவை நான் பெரிதும் மதிக்கின்றேன்.

அந்த மணல்முனையில் 1914ஆம் ஆண்டு முதல் ஒரு துறைமுகம் இயங்கிற்று. அவ்வாண்டிலேதான் பாம்பன் பாலமும் திறக்கப்பட்டது. சென்னை எழும்பூரில் புகைவண்டி ஏறினால், திருச்சி, மானாமதுரை, மண்டபம், பாம்பன் கடந்து தனுஷ்கோடித் துறையில் இறங்கலாம். அங்கே நீராவிக் கப்பல் காத்திருக்கும். குறுகிய கடலைக் கடந்தால் இலங்கையின் தலைமன்னார், அங்கிருந்து மீண்டும் புகைவண்டி, கொழும்பு. சென்னையில் வாங்கிய ஒரே சீட்டில் கொழும்பு வரை செல்லலாம். போட் மெயில் என்று அந்த வண்டிக்குப் பெயர் வழங்கிற்று. நிலையம், தபால் நிலையம், சுங்கச் சாவடி, பள்ளி, மாதா கோயில், மருத்துவமனை எனச் சிறுநகருக்கு வேண்டியன யாவும் அம்மணலின்மேல் எழுந்தன. அங்குச் செல்வதற்கு முதன்மையான பாதை இருப்புப்பாதையே.

நம் வட்டாரத்திற்கும் அந்தப் பாதைக்கும் தொடர்பு இல்லையென எண்ண வேண்டா. இலங்கையின் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களுக்குத் தொழிலாளராகச் சென்றவருள் திருச்சி, சேலம் மாவட்டத்தார் மிகுதி. பஞ்சம் வந்த ஆண்டுகளில், ஏர் பிடித்த கையோடு கங்காணியின் பின்னே சென்றவர் அவர்கள். மண்டபத்து முகாமில் தங்கவைத்து, நோய் உண்டா என்று பார்த்து, பிறகே கப்பலேற்றினர். இன்று இலங்கை மலைநாட்டில் வாழும் குடும்பங்கள் சிலவற்றில், தங்கள் பூர்விகம் நாமக்கல் பக்கம் என்று சொல்லும் முதியோர் இருப்பதில் வியப்பில்லை.

1964ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 30ஆம் நாள், இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்திற் கையெழுத்திட்டனர். அதன்படி, இலங்கையில் நாடற்றவராக இருந்த இந்திய வம்சாவளித் தமிழருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவது என்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வது என்றும் ஏற்பாடாயிற்று. அத்தனை இலட்சம் மக்கள் எவ்வழியே திரும்பி வருவர்? தாத்தாவும் பாட்டியும் எவ்வழியே சென்றனரோ அவ்வழியேதான். அதற்கு வாயிலாக இருந்தது தனுஷ்கோடி. ஒப்பந்தத்தின் மை உலர்ந்து இரண்டு திங்களுங்கூட ஆகவில்லை; அந்த வாயிலே இல்லாமற் போயிற்று.

1964ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 17ஆம் நாள், தெற்கு அந்தமான் கடற்பகுதியில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு தோன்றிற்று. நிலநடுக்கோட்டிற்கு மிகவும் அண்மையில் புயல் தோன்றுவது அரிது. பூமியின் சுழற்சியே காற்றை வளைத்துச் சுழல வைக்கின்றது. நிலநடுக்கோட்டை அணுகுந்தோறும் அந்த விசை குன்றிவிடும். அத்தகைய இடத்திற் பிறந்தும், அது வலுவுற்று மேற்கு நோக்கி விரைந்தது. இலங்கையின் வடபகுதியை வவுனியாவுக்கு அருகே ஊடறுத்து, 22ஆம் நாள் இரவு தனுஷ்கோடியைத் தாக்கிற்று.

அவ்விரவு பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் பயணி வண்டியொன்று புறப்பட்டது. அதன் எண் 653. நள்ளிரவுக்கு 5 நிமிடங்கள் இருந்தன. ஆறு பெட்டிகள், 110 பயணிகளும் 5 ஊழியரும் அதில் இருந்தனர் என்பது அன்றைய கணக்கு. சீட்டு வாங்காமல் ஏறினவர் இருந்திருப்பின், அவர்கள் கணக்கிலும் வாராமற் போயினர். தனுஷ்கோடி நிலையத்தை நெருங்கும்போது கைகாட்டி விளக்கு எரியவில்லை. எங்கும் இருள், இருபுறமும் கடலின் இரைச்சல். ஓட்டுநர் ஊதல் ஒலித்துப் பார்த்துவிட்டு, வண்டியை மெல்ல முன்னே செலுத்தினார் என்பர். முன்னேயும் நீர், பின்னேயும் நீர் என்னும் அந்நிலையில் அவர் வேறு என்ன செய்திருக்க இயலும் என்பதை இன்று வசதியாக அமர்ந்திருக்கும் நாம் தீர்ப்புச் சொல்வதற்கில்லை. பேரலை எழுந்து வண்டியை மூடிற்று. அதிலிருந்தோர் ஒருவரும் உயிர் தப்பவில்லை.

ஊரும் அவ்வாறே அழிந்தது. தந்திக் கம்பிகள் அறுந்தன. பாம்பன் பாலம் சிதைந்தது. ஆகவே, செய்தியைச் சொல்லவும் வழியில்லை. உதவிக்குச் செல்லவும் வழியில்லை. அப்புயலில் இலங்கையிலும் தமிழ்நாட்டிலுமாக இறந்தவர் ஏறத்தாழ 1,800 பேர். துறைமுகங்களில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகளைப் பற்றி நீங்கள் செய்திகளிற் கேட்டிருப்பீர்கள். 1ஆம் எண்ணிலிருந்து 11ஆம் எண் வரை அவை உள்ளன. எண் உயர உயர ஆபத்து மிகுதி என்று பொதுவாகச் சொல்வர். 10 வரையில் அது சரி. 11ஆம் எண்ணின் பொருள் வேறு. வானிலை எச்சரிக்கை நிலையத்தோடு இருந்த செய்தித் தொடர்பே அறுந்துவிட்டது என்பதனை அது குறிக்கும். புயலின் வேகத்தை விடவும் கொடியதாக, செய்தி வாராத நிலையை அந்த வரிசையின் முடிவில் வைத்தவர் கடலை நன்கு அறிந்தவர்.

பாம்பன் பாலத்தின் கதை தனியே சொல்லத்தக்கது. 2 கிலோமீட்டருக்கும் சற்று மிகுந்த நீளமுடைய அப்பாலத்தில், கப்பல் செல்வதற்காகத் திறக்கும் நடுப்பகுதி மட்டும் பிழைத்து நின்றது. தூண்களின்மேல் வரிசையாகக் கிடந்த இரும்புத் தூலங்களுள் 126ஐக் கடல் பெயர்த்தெறிந்துவிட்டது. புதிய தூலங்கள் வார்த்து வர மாதங்கள் செல்லும். பழுது பார்க்கும் பொறுப்பு ஈ. ஸ்ரீதரன் என்னும் இளம் பொறியாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 32. கடலடியில் தூலங்கள் கிடக்கும் இடம் மீனவர் வாயிலாகத் தெரியவந்தது. கடலுக்குள் கிடந்தவற்றையே தூக்கி எடுத்து, மீண்டும் தூண்களின்மேல் ஏற்றும் வேலை தொடங்கிற்று. தொடக்கத்தில் ஒரு நாளைக்கு ஒன்றை ஏற்றுவதே அரிதாயிருந்தது. கை பழகப் பழக வேகம் கூடிற்று. 46 நாட்களிற் பாலம் மீண்டும் வண்டி செல்லத் தக்கதாயிற்று. பின்னாளில் கொங்கண் இருப்புப்பாதையையும் தில்லி மெட்ரோ இரயிலையும் அமைத்துப் புகழ்பெற்றவர் இவரே. பொறியியல் பயில விரும்பும் மாணவர் அந்த 46 நாட்களை நன்கு கருத வேண்டும். அங்கே வென்றது புதிய கருவியன்று. கையிலிருந்ததைக் கொண்டே செய்து முடிக்கலாம் என்ற துணிவும், உள்ளூர் மீனவர் சொல்லுக்குச் செவி கொடுத்த பணிவுமே.

பாலம் மீண்டது. ஆனால் பாம்பனுக்கு அப்பால், தனுஷ்கோடிக்குச் செல்லும் இருப்புப்பாதை மீளவில்லை. அவ்வூர் மக்கள் குடியிருக்கத் தகுதியற்றது என்று அன்றைய சென்னை அரசு அறிவித்துவிட்டது. கப்பல், தனுஷ்கோடிக்கு மாறாக இராமேசுவரத்திலிருந்து தலைமன்னாருக்குச் சென்றது. ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பியோர் இராமேசுவரத்தில் வந்து இறங்கினர். மூட்டை முடிச்சுகளோடு மண்டபத்து முகாமிற் காத்திருந்து, நீலகிரிக்கும் பிற இடங்களுக்கும் பிரிந்து சென்றனர். 1980களில் இலங்கையில் உள்நாட்டுப் போர் மூண்டபின், அந்தக் கப்பலும் நின்றது.

தனுஷ்கோடியை மீண்டும் கட்டாமல் விட்டது சரியா என்று சிலர் இன்றும் வினவுவர். ஊரை இழந்தவர் துயரத்தை நோக்கும்போது அம்முடிவு கொடிதாகத் தோன்றலாம். என் கருத்து வேறு. காற்றும் அலையும் கொண்டுவந்து சேர்த்த மணல் அது. அவையே விரும்பும்போது எடுத்துக்கொள்ளும். அத்தகைய மணலின்மேல் மீண்டும் ஒரு நகரத்தை எழுப்பி, மருத்துவமனையும் பள்ளியும் வைத்து, அடுத்த புயலுக்காகக் காத்திருப்பது அறிவுடைமை ஆகாது. ஆனால் குடியிருக்கத் தகாத இடம் என்று அறிவித்ததோடு அரசின் கடமை தீர்ந்துவிட்டதாகக் கொண்டதும் சரியன்று. ஏனெனில், மீனவர் அங்கிருந்து அகலவில்லை. கடல் அங்கே இருக்க, அவர்கள் எங்கே செல்வர்? ஓலைக் குடிசைகளில் அவர்கள் தங்கினர். பிடித்த மீனை விற்கவும், குடிக்கும் நீருக்கும் அரிசிக்கும் மருந்துக்கும், மணலில் நெடுந்தொலைவு நடந்தனர். முகுந்தராயர் சத்திரம் வரையிலேதான் சாலை. அதற்கு அப்பால் மணலிலும் ஆழமற்ற கடல் நீரிலும் திணறிச் செல்லும் பழைய மோட்டார் வண்டிகளே துணை. யாத்திரை செல்வோரும் அந்த வண்டிகளில் ஏறி, எலும்பு குலுங்கச் சென்று, இடிந்த மாதா கோயிலையும் இரயில் நிலையத்தின் எஞ்சிய சுவர்களையும் கண்டு வந்தனர். காசி யாத்திரை செல்வோர் தனுஷ்கோடிக் கடலில் நீராடி மணலெடுத்துச் சென்று கங்கையிற் கரைப்பதும், கங்கை நீரைக் கொணர்ந்து இராமேசுவரத்தில் அபிடேகம் செய்விப்பதும் நெடுநாளைய வழக்கம். பாதை இல்லாத அத்தனை ஆண்டுகளிலும் அவ்வழக்கம் அறவே நின்றுவிடவில்லை.

1988ஆம் ஆண்டில் பாம்பன் கடலின்மேல் சாலைப் பாலம் திறக்கப்பட்டமையால், பேருந்துகள் இராமேசுவரம் வரை செல்லலாயின. சேலத்திலிருந்து கூட்டமாகப் பேருந்து அமர்த்திக்கொண்டு சேது யாத்திரை செல்வதும் எளிதாயிற்று. அதன்பின்னும் தனுஷ்கோடி முனைக்கு 29 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து தனுஷ்கோடி வரை 5 கிலோமீட்டர், அங்கிருந்து அரிச்சல்முனை வரை நாலரைக் கிலோமீட்டர் என ஒன்பதரைக் கிலோமீட்டர்ச் சாலை அமைக்கப்பட்டு, 2017ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 27ஆம் நாள் திறந்துவைக்கப்பட்டது. நீலக் கடல் இருமருங்கும் நெருங்கி வர, நடுவே கரிய நாடா விரித்தாற்போல் நேரே செல்லும் அச்சாலையைப் போன்ற காட்சி தமிழ்நாட்டில் வேறெங்கும் இல்லை எனலாம்.

ஒன்பதரைக் கிலோமீட்டர்ச் சாலைக்கு 53 ஆண்டுகளா என்று நீங்கள் கேட்கக்கூடும். மணலின்மேல் சாலை அமைப்பது, தரையின்மேல் அமைப்பது போன்றதன்று. அடித்தளம் நகரக்கூடியது. அலை வந்து பக்கங்களை அரிக்காதவாறு கற்களை அடுக்கிக் கரை கட்ட வேண்டும். கட்டிய பின்னும் காற்று ஓயாது மணலைக் கொணர்ந்து சாலையின்மேற் கொட்டும். அதனை அள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். ஆயினும் தாமதத்திற்கு இவை மட்டுமே காரணம் என்று நான் கூறமாட்டேன். அங்கு வாழ்வோர் சில நூறு குடும்பத்தார்; அவர்கள் குரல் மெல்லியது. காட்சிக்கு வருவோர் பெருகிய பிறகே சாலை வந்தது. அது வந்ததனால் மீன் விரைவிற் சந்தைக்குச் செல்கின்றது, நோயாளி விரைவில் மருத்துவமனையை அடைகின்றார் என்பதும் உண்மையே.

கடலோ தன் உரிமையை விட்டுவிடவில்லை. 2020ஆம் ஆண்டு டிசம்பரில் புரெவி என்னும் புயல், இலங்கையின் திரிகோணமலையைக் கடந்து, 1964ஆம் ஆண்டுப் புயலின் தடத்தையே ஏறத்தாழப் பின்பற்றிப் பாம்பன் பக்கம் நெருங்கிற்று. நல்வேளையாக அது கரைக்கு அருகே வலுவிழந்தது. செயற்கைக்கோள் படம் பல நாட்களுக்கு முன்பே அதன் வருகையைக் காட்டிவிட்டது. தனுஷ்கோடிச் சாலையிற் பயணிகள் செல்லாதவாறு தடுக்கப்பட்டனர். மீனவர் பாதுகாப்பான இடங்களுக்கு அழைத்து வரப்பட்டனர். 1964இல் விளக்கு எரியாத கைகாட்டியின் முன்னே நின்று ஓர் ஓட்டுநர் தனியே முடிவு செய்ய வேண்டியிருந்தது. இப்போது அம்முடிவு முன்கூட்டியே எடுக்கப்படுகின்றது. புயலால் மூடப்படும் பாதைக்கும் புயலுக்கு முன்னரே நாம் மூடிவிடும் பாதைக்கும் இடையே உள்ள வேறுபாடு, உயிர்களின் கணக்கில் தெரியும். ஏற்காட்டு அடிவாரத்திலோ முகுந்தராயர் சத்திரத்திலோ காவலர் உங்கள் வண்டியை மறித்துத் திருப்பி அனுப்பினால், சற்றே பொறுமை கொள்ளுங்கள்.

நூறாண்டுக்கு மேல் உழைத்த பழைய பாம்பன் இரயில் பாலத்தில், துருப்பிடித்த பகுதிகள் மிகுந்தமையால் 2022ஆம் ஆண்டு டிசம்பரில் வண்டிகள் நிறுத்தப்பட்டன. அதன் அருகிலேயே கட்டப்பட்ட புதிய பாலம் 2025ஆம் ஆண்டு ஏப்ரல்த் திங்கள் 6ஆம் நாள் திறக்கப்பட்டது. கப்பல் வரும்போது, அதன் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி நேர்மேலாக 17 மீட்டர் உயர்கின்றது. பழைய பாலமோ இரண்டு கைகளை விரித்துத் தூக்குவது போலத் திறந்தது.

பள்ளிச் சுற்றுலாவாகச் சேலத்திலிருந்தோ நாமக்கல்லிலிருந்தோ அங்குச் செல்வீர்களாயின், அரிச்சல்முனையில் நின்று இரு கடலையும் பாருங்கள். எது ஆண்கடல், எது பெண்கடல், அன்று எது சீறுகின்றது என்று கண்டு, அப்போது வீசும் பருவக்காற்று எதுவென்று நீங்களே கூறலாம். இடிந்த நிலையத்தின் அருகே சிறிது நேரம் நில்லுங்கள். கடையில் விற்கும் சங்கும் சிப்பியும் வாங்குவதற்கு முன், அங்குள்ள மூதாட்டியர் எவரேனும் பேச இசைந்தால், அவர் சொல்வதைக் கேளுங்கள். மாலையில் குறித்த நேரத்திற்குள் பேருந்து திரும்பிவிட வேண்டும். காவலர் அதற்குமேல் யாரையும் அங்கே தங்கவிடார். வண்டிகள் யாவும் போனபின், அந்த மணலில் இரவைக் கழிப்போர் மீனவர்கள் மட்டுமே.